மித்துவுக்கு ஜட்டி வாங்கிய கதை

பூங்கோதை தன் மகள் மித்ராஸ்ரீக்குக் கக்கா நாற்காலி வாங்கிய வருஷம், கல்லாங்காட்டுப்புதூரில் பூமி எத்தனை ஆழம் துளைத்தாலும் வெள்ளைப் புழுதியைத்தான் துப்பியது, லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்றன, குடங்களுக்கு ஆட்கள் காவல் நின்றார்கள், பேருந்து நிலையத்துப் பெண்கள் கழிப்பறைக் கதவில் ‘தண்ணீர் இல்லாததால் மூடப்பட்டுள்ளது’ என்று ஒரு பலகை தொங்கியது, அதை எழுதிய பெயிண்டர் அதன் பிறகு எத்தனையோ தேர்தலுக்குச் சுவர் எழுதிக் கிழவராகியும் விட்டார். இதையெல்லாம் ஊர் ஒரு குறையாகவே எண்ணவில்லை. குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது பெண்கள் ஒதுங்க இடம் கேட்பது அதிகப்படி என்று பேரூராட்சித் தலைவர் மாரப்பன் மேடையிலேயே சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள்.

பூங்கோதைக்கும் அந்தப் பலகைக்கும் பழைய பழக்கம். அவள் பக்கத்து டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்றவள். நின்றவள் என்றால் நிஜமாகவே நின்றவள், ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை. காலையில் பஸ் ஏறும்போது ஊரில் பூட்டிய கதவு, கடையில் ‘இப்பத்தான போனே?’ என்று கேட்கும் சூப்பர்வைசர் முகம், இரவு திரும்பும்போது மறுபடியும் பூட்டிய கதவு. ஆகவே அவள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். கடைப் பெண்கள் எல்லோரும் விட்டிருந்தார்கள். சேலையை விரிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் அங்கே அடக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா, அடக்கக் கூடாது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அன்பாகச் சொன்னார். அடக்காமல் எங்கே போவது என்பதற்கு மாத்திரை எழுதித் தரவில்லை.

பிரசவத்துக்கு நின்ற வேலை அது. இப்போது கடை மேனேஜர் போன் செய்து, “ஆடிப்பெருக்குக்கு மறுநாள் கவுன்டர்ல நிக்கணும்மா, இல்லாட்டி வேற புள்ள வந்துரும்” என்று சொல்லிவிட்டார். குழந்தையை விடலாம் என்று ஊரிலிருந்த பிளே ஸ்கூலுக்குப் போனால் அங்கே மேடம் மித்துவின் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். “ஒண்ணுக்கு, ரெண்டுக்கு வந்தாச் சொல்லத் தெரியணுமுங்க. டயப்பரோட சேத்தா எங்க ஆயாம்மா வேலைய உட்டு நின்னுக்குவாங்க.” புருஷன் சென்னியப்பன் போர்வெல் லாரியில் வேலை பார்ப்பவன், தண்ணீர் வராத குழிகளைத் தோண்டித் தோண்டி அலுத்துப்போனவன், “நீ போய்த்தான் ஆகோணுமா?” என்று ஒரு தடவை கேட்டான். அவள் பார்த்த பார்வையில் இரண்டாவது தடவை கேட்கவில்லை. தன் கையில் தன் சம்பளம் வரும் நாளைத் தவிர அவளுக்கு வேறு கனவு கிடையாது, அந்தக் கனவு இப்போது இரண்டரை வயதுக் குழந்தையின் மூத்திரப்பையில் வந்து நின்றது.

அதனால் அவள் சாமான் சேர்த்தாள். வாத்துத் தலை வைத்த மஞ்சள் பிளாஸ்டிக் நாற்காலி, ஸ்ட்ராபெர்ரி படம் போட்ட பருத்தி ஜட்டிகள், பாய்க்கு மேலே விரிக்க ரப்பர் ஷீட், சென்னியப்பனின் பழைய லுங்கியைக் கிழித்துத் தைத்த துணிகள், கை எட்ட ஒரு முக்காலி, கழுவிவிடப் பிடி வைத்த சின்னக் கப்பு, சொன்ன பேச்சுக் கேட்டால் நெற்றியில் ஒட்ட நட்சத்திர ஸ்டிக்கர், கேட்காவிட்டால் தரைக்குப் பினாயில் என்று எல்லாவற்றையும் சேலை எடுப்பவளைப் போலப் பிரித்துப் பார்த்து, தடவிப் பார்த்து வாங்கினாள். காசில்லாமல் கிடைத்தது ஒன்றுதான்: நாக்கைப் பல்லில் வைத்து நீட்டி இழுக்கும் அந்த ‘உஸ்ஸ்ஸ்’, தமிழ்நாட்டில் பிறந்த எந்தக் குழந்தையும் அதைக் கேட்டுத்தான் முதலில் மூத்திரம் பெய்கிறது.

நல்ல நாள் பார்த்து டயப்பரைக் கழற்றி, ஜட்டியை மாட்டி, பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு மித்துவை உட்கார வைத்தாள். மித்து வாத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மந்திரியைப் போல வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். அம்மா உஸ் உஸ் என்று சொல்லியே வாய் வறண்டு போனாள். பிறகு மித்து எழுந்து, ஜட்டியைத் தானே கீழே தள்ளி, நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி, கல்லோரச் சிமெண்டுத் தரையில் பெய்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் காலை அந்த இடத்தில் சிமெண்டு வெடித்துத் தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் வந்தவள் வீட்டுக்காரி பழனாத்தா. சர்க்கரை வியாதிக்காரி, தானே அரைமணிக்கு ஒருமுறை ஓடுகிறவள், ஆனாலும் குடியிருப்பவர் குழந்தையின் மூத்திர நாற்றம் தன் மொசைக்கைத் தின்றுவிடும் என்று தினமும் சண்டை போடுகிறவள், பூங்கோதைக்குக் காபி கொடுத்தால் பேப்பர் கப்பில் மட்டும் கொடுக்கிறவள். “ஏம்மிணி, பைப்ப மூடாம உட்டுட்டயா? லாரித் தண்ணி என்ன சும்மாவா வருது?” என்று கத்திக்கொண்டே வந்து, கால் நனைந்ததும் நின்றாள். சென்னியப்பன் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தான். இந்த வீட்டடியில் அவனே ஆயிரம் அடி இறக்கிப் புழுதி எடுத்திருக்கிறான். “இனிப்பா இருக்குது புள்ள” என்றான். எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை, குடம் எடுக்கத்தான் ஓடினார்கள்.

மித்து அடுத்து வாசலில் பெய்தாள், வாசலில் வந்தது. மளிகைக் கடை முன்னால் பெய்தாள், அரிசி மூட்டைகள் மிதந்தன. விஷயம் ஊருக்குப் பிடிபட்டதும் ஊர் வெட்கப்படும் என்று நினைத்தால் உங்களுக்கு எங்கள் ஊரைத் தெரியாது. மூத்திரம் என்ற சொல்லையே ஊர் கைவிட்டது; ‘பாப்பா தண்ணி’ என்றார்கள், கொஞ்ச நாளில் ‘தீர்த்தம்’ என்றார்கள். நேற்றுவரை மூக்கைப் பொத்திய பழனாத்தா இப்போது மித்துவை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய், மொசைக்கின் நடுவில் நிறுத்தி, ‘உஸ்ஸ்’ என்றாள். பூங்கோதைக்கு மட்டும் காபி அதே பேப்பர் கப்பில்தான் வந்தது.

நீரோட்டம் பார்க்கிற அர்த்தநாரி உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காடுகாடாக நடக்கிறவர். தண்ணீர் இருக்கிற இடத்தில் தேங்காய் தானாக எழுந்து நிற்கும், தண்ணீர் இல்லாவிட்டாலும் கூலி கிடைக்கும். பிழைப்புப் போய்விட்டது என்று ஊரே அவருக்காக உச்சுக்கொட்டிய வேளையில் அவர் தேங்காயோடு மித்துவுக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தார். மித்து பக்கத்தில் வந்தால் தேங்காய் எழுந்து நின்றது, அல்லது நின்றது என்று அவர் சொன்னார். அன்று முதல் குழந்தை எந்தத் தெருவில், எந்தத் திசை பார்த்து, எந்த நேரத்தில் ஒண்ணுக்கு இருக்க வேண்டும் என்று குறித்துக் கொடுப்பது அவர் வேலையாயிற்று. “அம்மிணி, எட்டரையிலிருந்து ஒம்பது வரைக்கும் பேஷான நேரமுங்க, அதுக்குள்ள இருக்கச் சொல்லுங்க” என்பார். மித்து ராகுகாலத்தில் மட்டுமே இருந்தாள்.

காலனிக்காரர்கள் வந்து, எங்கள் பக்கமும் குழந்தையைக் கொஞ்சம் விடுங்கள் என்று கேட்டபோது அர்த்தநாரி தேங்காயைக் காட்டி, அந்தத் திசை இப்போது சரியில்லை, தை பிறக்கட்டும் என்றார். மித்து ஒரு நாள் ஆட்டுக்குட்டி ஒன்றைத் துரத்திக்கொண்டு தானே அங்கே ஓடித் தெருமுனையில் பெய்துவிட்டு வந்தாள், ஊரிலேயே பெரிய ஊற்று அங்கேதான் கிளம்பியது. குழந்தைக்கு என்ன தெரியும் என்று ஊர் மிகவும் வருத்தப்பட்டது.

மாரப்பன் மன்றத்தைக் கூட்டினார். முந்தைய இரண்டரை வருஷமும் இந்தக் குழந்தைக்கு டயப்பர் கட்டியிருந்தார்கள் என்று கேள்விப்பட்டு அவருக்குக் கண் கலங்கியது. “ஒரு டயப்பருக்கு ஒரு ஏரி போயிருக்குதுங்க அம்மிணி! ஒரு ஏரி!” என்று பூங்கோதையைப் பார்த்துக் கையை விரித்தார். மித்ராஸ்ரீ அவர்களுக்கு ஊர் எல்லைக்குள் ஜட்டியோ டயப்பரோ அணிவிக்கக் கூடாது, மேற்படியாருக்கு ஒதுங்கும் பழக்கம் கற்றுத்தரும் எந்த முயற்சியும் பொதுநலனுக்கு விரோதம் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அன்று மாலை ஊரில் பாதிப் பேர் குப்பைமேட்டில் பழைய டயப்பர்களைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் தங்கள் குழந்தைகளின் ஜட்டியையும் கழற்றித் தெருவில் விட்டார்கள், ஒருவேளை நம்முடையதிலும் வரலாம் என்று. அந்தக் குழந்தைகளிடமிருந்து நாற்றம் மட்டுமே வந்தது.

அதன் பிறகு பூங்கோதையின் சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மஞ்சள் நாற்காலியைக் கழுவித் தருகிறேன் என்று எடுத்துப்போன பழனாத்தா அதில் மண் நிரப்பிக் கறிவேப்பிலைக் கன்று வைத்தாள். கொடியில் காய்ந்த ஜட்டிகளைக் காற்று கொண்டுபோனது, காற்றே இல்லாத நாளில். ரப்பர் ஷீட் அர்த்தநாரியின் ஸ்கூட்டர் சீட்டானது. புது ஜட்டி கேட்டுக் கடைக்குப் போனால், தலைக்கு மேலே கயிற்றில் ஜட்டிகள் ஆடிக்கொண்டிருக்க, கடைக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல், “ஜட்டியா? ஸ்டாக் இல்லீங்” என்றார். ஆன்லைனில் போட்ட பார்சலைப் பேரூராட்சி அலுவலகம் வாங்கி வைத்துக்கொண்டது. பதிலுக்கு ஊரே பட்டுப்பாவாடையும் கொலுசுமாகக் கொண்டுவந்து குவித்தது, இளநீரும் தர்பூசணியும் பார்லித் தண்ணீரும் ஊட்டியது, மேலே அலங்காரமும் கீழே ஒன்றுமில்லாமலும் மித்து ஊர்வலம் போனாள். வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போய் நடுவில் நிறுத்திச் சுற்றிலும் பெரியவர்கள் குனிந்து நின்று உஸ் உஸ் என்று கத்தியதில் குழந்தைக்குத் தூக்கத்தில் பயம் வந்தது. வாயைத் திறக்காமல் அழக் கற்றுக்கொண்டது.

“பாரு, நாளைக்கு இவளுக்குப் பத்து வயசாவும்” என்றாள் பூங்கோதை சென்னியப்பனிடம். “அப்பவும் இப்படித்தான் நடுத்தெருவுல நிறுத்துவாங்களா? பொட்டப்புள்ளைக்கு ஒரு கதவு வேண்டாமா? நானெல்லாம் பொறந்ததுலருந்து அடக்கு அடக்குன்னு கேட்டேன். இவள அடக்காத அடக்காதங்கறாங்க. ரெண்டுமே நம்ம இஷ்டத்துக்கு இல்ல பாத்தயா?”

சென்னியப்பன் அன்றைக்கே குளியலறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளை வாங்கிவந்து பொருத்தினான்.

நாற்காலி போனால் என்ன, கால் இருக்கிறதே. பூங்கோதை தாழ் போட்டுக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டிச் சேர்த்துவைத்து, பாதங்களின் மேல் மித்துவை உட்கார வைத்தாள், எந்தக் கடையிலும் விற்காத நாற்காலி அது. காதோடு காதாக மட்டும், ஊருக்குக் கேட்காமல், ‘உஸ்ஸ்’ என்றாள். “வந்தா அம்மாகிட்டச் சொல்லோணும். சொன்னாக் கதவச் சாத்திருவேன். ஒருத்தரும் பாக்க மாட்டாங்க.” மித்து கதவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடியும் கதவைப் பார்த்தாள். நாள் போகப்போக அவளுக்கு அந்தத் தாழ்ப்பாளின் சத்தம் பிடித்துவிட்டது. ஒரு மத்தியானம் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, “அம்மா, உச்சா” என்றாள்.

பூங்கோதையின் பாதம் வெதுவெதுப்பாக நனைந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். தரை வெடிக்கவில்லை, ஊற்று வரவில்லை, ஒரு சொட்டு இனிப்பும் இல்லாத வெறும் மூத்திரம், சாக்கடைத் துளையைத் தேடிப் போய்விட்டது. மறுநாளும் அப்படியே. சொல்லாமல் பெய்தால் ஊற்று, சொல்லிவிட்டுப் பெய்தால் மூத்திரம். பூங்கோதை மகளை மடியில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள், சிரித்துச் சிரித்து அழுதாள். வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

ஆடிப்பெருக்கு வந்தது. பேருந்து நிலையத்துக்கு முன்னால் இருந்த பொட்டலில் மாரப்பன் பந்தல் போட்டிருந்தார். குழந்தை அங்கே ஒண்ணுக்கு இருந்தால் ஊற்று வரும், ஊற்றைச் சுற்றிச் சுவர் எழும், சுவருக்குள் தன் மச்சான் பெயரில் பாட்டில் கம்பெனி எழும் என்பது திட்டம். மேளம், மைக், வாழைமரம். காலையிலிருந்து வெள்ளரிக்காயும் மோருமாக ஊட்டிய குழந்தையை மேடையில் நிறுத்தினார்கள். அர்த்தநாரி தேங்காயை உயர்த்தினார். ஊர் மொத்தமும் ஒரே மூச்சில், “உஸ்ஸ்ஸ்” என்றது.

அந்தச் சத்தம் பொட்டலைத் தாண்டிப் பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்கள் மேலும் அடித்தது. அதிகாலையிலிருந்து அடக்கிக்கொண்டு நின்றவர்கள் அவர்கள், பூ விற்கிறவர்கள், மில்லுக்குப் போகிறவர்கள், சீர் கொண்டு போகிறவர்கள். முகம் ஒவ்வொன்றாகச் சுருங்கியது. முன்வரிசை நாற்காலியில் இருந்த பழனாத்தா காலை மாற்றிப் போட்டாள், மறுபடியும் மாற்றிப் போட்டாள், பிறகு எழுந்தே நின்றுவிட்டாள்.

மித்து இரண்டு கையாலும் பாவாடையை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. “அம்மா, உச்சா வருது. கதவு.”

“இங்கயே இருடா கண்ணு, இங்கயே” என்று மாரப்பன் கெஞ்சினார்.

“கதவு” என்றாள் மித்து. அவள் அடக்கிக்கொண்டாள், பூங்கோதைக்குப் பெருமையும் துக்கமும் ஒன்றாக வந்தன.

அவள் மேடை ஏறிக் குழந்தையை வாங்கிக்கொண்டு மாரப்பனிடம் பணிவாகவே சொன்னாள். “பாப்பா இனிக் கதவிருக்கற எடத்துலதானுங்க இருப்பா. அடக்குனாக் காஞ்சு போயிரும், அப்புறம் வரவே வராதுங்க. பக்கத்துல இருக்கற கதவு அது ஒண்ணுதானுங்” என்று பலகை தொங்கிய கதவைக் காட்டினாள்.

மாரப்பன் அர்த்தநாரியைப் பார்த்தார். அர்த்தநாரி கூட்டத்தைப் பார்த்தார், பழனாத்தாவின் முகத்தைப் பார்த்தார், தேங்காயைக் கழிப்பறைப் பக்கம் திருப்பினார். அது எழுந்து நின்றது. இதைவிட வேகமாக ஒரு பொதுப்பணி எந்த ஊரிலும் நடந்திருக்காது: சாவியைத் தேட நேரமில்லை என்று பூட்டை உடைத்தார்கள், ஒட்டடை அடித்தார்கள், காலனி ஊற்றிலிருந்து குழாய் இழுத்தார்கள், தலைவரே வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பினாயில் ஊற்றித் தேய்த்தார், பல்பு எரிந்தது, தொட்டி நிறைந்தது. அப்போது பழனாத்தா வீட்டுப் பக்கமிருந்து கறிவேப்பிலைக் கன்றைக் கையில் பிடுங்கிப் பிடித்தபடி, கழுவிய மஞ்சள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, நாற்காலி எடுக்கும் வேகத்தில் தன் வீட்டுக் கக்கூஸையே மறந்து, ஓடக்கூடாத அவசரத்தில் ஓடி வந்தாள். “சீக்கிரம் உக்கார வையம்மிணி, அடுத்தது நான்” என்றாள்.

மித்து உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. வெளியே மேளக்காரர்கள்கூட மூச்சை அடக்கினார்கள். உள்ளே வாத்துத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து மித்து நிதானமாக, நிறைய, வெறும் மூத்திரம் பெய்தாள். பூங்கோதை கப்பில் மொண்டு கழுவி, இடுப்பில் செருகி ஒளித்து வைத்திருந்த கடைசி ஸ்ட்ராபெர்ரி ஜட்டியை மாட்டிவிட்டு, நெற்றியில் ஒரு நட்சத்திரம் ஒட்டினாள்.

கதவு திறந்ததும், “ஊத்து வந்துச்சா?” என்று மாரப்பன் கழுத்தை நீட்டினார்.

“நீங்களே உள்ள போய்ப் பாருங்களேன்” என்றாள் பூங்கோதை.

அவர் ஒரு அடி வைத்து நின்றார். “அது... லேடீஸ் கக்கூஸாச்சே.”

அதற்குள் பழனாத்தா அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டாள். வெகு நேரம் கழித்து, முகமெல்லாம் தெளிந்து, பத்து வயது குறைந்தவளாக வெளியே வந்தாள். உள்ளே ஊற்று எதுவும் இல்லை என்பதை அவள் பார்த்தாயிற்று. மாரப்பனைப் பார்த்தாள், வரிசையில் நெளிந்துகொண்டு நின்ற பெண்களைப் பார்த்தாள், கடைசியில் பூங்கோதையின் கண்ணைப் பார்த்தாள்.

“இன்னும் வல்லீங்” என்றாள் தலைவரிடம். “ஆனா உள்ளார கசியுதுங்க. பூட்டிறாதீங்க, நின்னுபோயிரும்.”

பூக்காரி வெளியே வந்து அதையே சொன்னாள். மில்லுக்காரி வந்து, சத்தம்கூடக் கேட்கிறது என்றாள். ஒரு பெண்ணும் மாற்றிச் சொல்லவில்லை, சொல்லிக்கொடுக்கவும் வேண்டியிருக்கவில்லை. மாரப்பன் ஒரு நாற்காலி போட்டு வாசலுக்கு நேரே, ஆனால் மரியாதையான தூரத்தில் உட்கார்ந்தார்; பலகையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தினமும் தண்ணீர் ஏற்றச் சொல்லி ஆள் போட்டார். இன்றுவரை ஊற்றுக்குக் காத்திருக்கிறார்.

மறுநாள் காலை மித்து பிளே ஸ்கூலுக்குப் போகிற பையோடும் பூங்கோதை கடைக்குப் போகிற பையோடும் பேருந்து நிலையத்துக்கு வந்தார்கள். தலைவர் தூரத்தில் நாற்காலியில் தூங்கி விழுந்துகொண்டிருந்தார். பூங்கோதை ஒரு பாட்டில் தண்ணீரை, பழனாத்தா வீட்டு ஊற்றில் பிடித்ததை, அண்ணாந்து முழுக்கக் குடித்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வேலை நாளில் அவள் குடித்த முதல் தண்ணீர் அது. மகளைக் கதவோரம் நிறுத்தி, “இங்கயே நில்லு, அம்மா வந்தர்றேன்” என்று உள்ளே போய்த் தாழ் போட்டாள்.

உட்கார்ந்தாள். வரவில்லை. அடக்கிப் பழகிய உடம்புக்குச் சட்டென்று நம்பிக்கை வரவில்லை. வெளியே பஸ் ஹாரன் அடித்தது, அவளுக்கு வேர்த்தது. அப்போது கதவின் அடியிலிருந்த இடைவெளியில் இரண்டு சின்னக் கால்கள் வந்து நின்றன. மித்து தரையோடு வாயை வைத்து, அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “உஸ்ஸ்ஸ்” என்றாள்.